கொதிக்க வைத்தால் போய்விடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் கிடையாது. வீட்டுக்கு வீடு போர்வெல்தான். 2019-இல் வீடு வாங்கியபோது தண்ணீரைப் பரிசோதித்தார்கள். டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற ஒன்று லிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம் இருந்தது. வரம்பு 1 என்பதால் பிரச்சினை இல்லை என்றார்கள். நாங்களும் மறந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் போன மாதம் மறுபடி பரிசோதித்தோம். வினைல் குளோரைடு 5.6, சிஸ்-டைகுளோரோஎத்திலீன் 38 என்று வந்திருக்கிறது. பழைய டெட்ராவைக் காணவே காணோம். என் மகளுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீர்தான். மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு மாதமாகிறது. அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு உண்டு. "நல்லா கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் செய்யாது" என்கிறார். 2012-இல் இதே மாநிலத்தின் பால்ஸ்பரோவில் ரசாயனத்தோடு கவிழ்ந்த ரயிலிலிருந்து வந்திருக்குமோ என்கிறார் கணவர். எனக்கு வீட்டிலுள்ள பிவிசி குழாய்கள் மேல் சந்தேகம். ஆர்.ஓ. போட்டால் போதுமா? மகளுக்கு என்ன பரிசோதனை செய்ய வேண்டும்? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று மாலைக்குள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு பேசலாம். குடிக்க, சமைக்க, பல் துலக்க, மூன்றுக்கும் கடைத் தண்ணீரை வாங்கி வையுங்கள். மகளை ஷவரில் நிறுத்த வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் பிடித்து, குளியலறை ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, சுருக்கமாக ஊற்றி முடியுங்கள். தெரிந்தவர் வீட்டில் நகராட்சித் தண்ணீர் இருந்தால் அங்கே குளிப்பாட்டுவது இன்னும் நல்லது. பெரியவர்களும் வெந்நீரில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். அடுப்பில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க விடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் மாமியாருக்குப் புரியாத புதிராக இருக்கும். அவர் சொல்வதில் தவறில்லை. அவர் அறிந்த ஆபத்து வேறு. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று தண்ணீரில் வரும் கிருமிகளுக்கு எதிராகக் கொதிக்க வைத்த தண்ணீர் எத்தனையோ தலைமுறையைக் காப்பாற்றியிருக்கிறது. வினைல் குளோரைடு கிருமி அல்ல, பிவிசி செய்யப் பயன்படும் வாயு. பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள். தண்ணீரைச் சூடாக்கினால் அது தண்ணீரை விட்டுப் போகும், உண்மைதான். போகும் இடம் சமையலறைக் காற்று. பாத்திரத்தின் மேல் குனிந்து நிற்பவர் அதை மூச்சில் இழுக்கிறார். பனிக்காலத்தில் ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டில் சீரகத் தண்ணீர் தினமும் கொதித்தால், வாய் வழியாகப் போக வேண்டியது மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஷவரும் இதே கதை. வெந்நீர் பொடிப்பொடித் துளியாக விழும்போது வாயு மிக எளிதாகப் பிரிந்து அறையில் நிறைகிறது. குடிதண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாதிக் கதவைத்தான் அவர்கள் சாத்தியிருக்கிறார்கள்.

இத்தனை வருடம் நாக்கோ மூக்கோ ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இதன் சுவை பெரும்பாலோருக்குத் தெரிய லிட்டருக்கு சுமார் 3,400 மைக்ரோகிராம் வேண்டும். உங்கள் கிணற்றில் இருப்பதைப்போல் 600 மடங்கு அது. எந்தத் தாயாலும் குடித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இப்போது அந்த அறிக்கைக்கு வருவோம். இருபது வருடத்துக்கு மேலாகக் குடிநீர்ப் பகுப்பாய்வில் இருக்கிறேன். உங்கள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் எனக்கு ஒரு டிரை கிளீனிங் கடைதான் நினைவுக்கு வந்தது. அல்லது இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பழைய பட்டறை.

டெட்ராகுளோரோஎத்திலீன் என்பது பட்டுப்புடவையையும் கோட்டையும் தண்ணீர் படாமல் வெளுக்கப் பயன்படும் திரவம். பல பத்தாண்டுகளாக டிரை கிளீனிங் கடைகளின் உயிர்நாடி. தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். தரையில் சிந்தினாலும், கழிவுநீர்க் குழியில் ஊற்றினாலும், மண்ணைத் துளைத்துக் கீழே போய் நிலத்தடி நீருக்கடியில் உட்கார்ந்துகொள்ளும். கடை மூடி, கட்டடம் இடித்து, அங்கே வேறு கடை வந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீர் ஓடும் திசையில் நகரும்.

அதன் மூலக்கூறில் நாலு குளோரின் அணுக்கள். காற்றுப் புகாத ஆழத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. நாலு மூன்றானால் டிரைகுளோரோஎத்திலீன். மூன்று இரண்டானால் உங்கள் அறிக்கையில் 38 என்று இருக்கும் சிஸ்-டைகுளோரோஎத்திலீன். இரண்டு ஒன்றானால் வினைல் குளோரைடு. அந்த ஒன்றும் கழன்றால் மிஞ்சுவது எத்திலீன், வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன், அதனால் தீங்கில்லை. சிக்கல் கடைசிப் படியில். அந்தப் படியைத் தாண்டத் தெரிந்தவை டீஹாலோகாக்காய்டிஸ் போன்ற வெகுசில பாக்டீரியாக்களே. அவை இல்லாத, அல்லது அவற்றுக்குச் சூழல் சரியாக அமையாத மண்ணில் வேலை பாதியில் நிற்கிறது. வினைல் குளோரைடு சேர்ந்துகொண்டே போகிறது. வேதிப்பொருள்களின் புற்றுநோய் ஆபத்தை வகைப்படுத்தும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொடக்கத்தில் இருந்த டெட்ராவை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. வினைல் குளோரைடோ 'தருவது உறுதி' என்ற முதல் பிரிவில். குறைந்த ஆபத்தாக மண்ணுக்குள் போனது கூடுதல் ஆபத்தாக உங்கள் குழாயில் வந்து நிற்கிறது.

2019-இல் வந்த 0.7 ஒரு முன்னறிவிப்பு. வரம்புக்குள் இருந்ததால் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் டெட்ரா கிணற்று நீரில் இயற்கையாக இருக்கும் பொருளே அல்ல. அது துளி இருந்தாலும் மேல்திசையில் எங்கோ ஒரு கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருடத்தில் மறுபடி பாருங்கள் என்று அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் குற்றமல்ல.

ரயிலையும் குழாயையும் இதே அறிக்கை விடுவித்துவிடுகிறது. பால்ஸ்பரோவில் 2012 நவம்பர் 30 அன்று மான்டுவா ஓடைப் பாலத்தில் தடம்புரண்ட ரயிலிலிருந்து வினைல் குளோரைடு கொட்டியது உண்மை. ஆனால் திறந்த வெளியில் கொட்டும் வினைல் குளோரைடு காற்றோடு போய்விடும். அன்று ஆபத்து அங்கிருந்தவர்களின் மூச்சுக்குத்தான். மண்ணுக்கடியில் இருப்பதற்குத்தான் ஓட வழியில்லை. மேலும் ரயிலிலிருந்து வந்திருந்தால் வினைல் குளோரைடு தனியாக வந்திருக்கும், சிஸ்-டைகுளோரோ கூட வந்திருக்காது. பிவிசி குழாய்க்கும் இதே வாதம் பொருந்தும். 1977-க்கு முன் செய்த பிவிசி குழாய்களில் மீந்துபோன வினைல் குளோரைடு இருந்தது; தண்ணீர் தேங்கி நிற்கும் நீண்ட கடைக்கோடிக் குழாய்களில் அது கரைந்து வந்ததுண்டு. அதற்குப் பிறகு தயாரிப்பு முறை மாறி, மிச்சம் மிகவும் குறைந்துவிட்டது. குழாய்களைப் பிடுங்கிப் போடும் செலவு உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு டிரை கிளீனிங் கடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது: வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் கடற்படைத் தரைப்படை முகாம். அதில் தராவா டெரஸ் என்ற குடும்பக் குடியிருப்பு. முகாமின் வேலிக்கு வெளியே இருந்த ஒரு கடை விட்ட டெட்ரா, அந்தக் குடியிருப்புக்கு நீர் தந்த கிணறுகளில் இறங்கியது. 1985 பிப்ரவரியில் அங்கே குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் வரை டெட்ரா இருந்தது. அது சிதைந்து வந்த வினைல் குளோரைடும் வரம்பைத் தாண்டியிருந்தது. இன்னொரு பகுதியான ஹாட்நாட் பாயின்டில் தொட்டிக் கசிவுகளாலும் கழிவுகளாலும் டிரைகுளோரோஎத்திலீன் 1982-இல் 1,400 வரை போனது. 1953 முதல் 1987 வரை அங்கே குடியிருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் என்று பத்து லட்சம் பேர் வரை பாதிப்புக்கு ஆளாகியிருக்கலாம் என்கிறார்கள். லுக்கீமியாவால் 1985-இல் ஒன்பது வயதில் இறந்த ஜேனி என்ற சிறுமியின் பெயரில் 2012-இல் அங்கிருந்த குடும்பங்களுக்கு மருத்துவ உதவி தரும் சட்டம் வந்தது. நீதிமன்றம் போகும் உரிமை 2022 ஆகஸ்டில்தான் கிடைத்தது. ஜேனியின் தகப்பன் ஒரு ராணுவ வீரர். உண்மையைத் தேடி அவர் அலைந்த வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தக் கதையைப் படித்து உங்கள் மகளை அதில் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே பல ரசாயனங்கள் ஒன்றாக, உங்களுடையதைவிடப் பல மடங்கு அளவில் இருந்தன. நான் இதைச் சொல்வது வேறொன்றுக்காக: அங்கே சோதனைச்சாலை எச்சரித்த பிறகும் கிணறுகளை மூட ஆண்டுகள் ஆயின. நீங்கள் அறிக்கை கைக்கு வந்த மாதமே கேட்டிருக்கிறீர்கள்.

சரி, உடம்பை என்ன செய்யும்? இதை நாம் அறிந்ததே தொழிலாளர்களின் உயிரைக் கொடுத்துத்தான். கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் பிவிசி ஆலையில், கல்லீரலின் ரத்தக்குழாய்களில் வரும் ஆஞ்சியோசர்கோமா என்ற மிக அரிய புற்றுநோய்க்கு ஒரே ஆலையில் மூன்று பேர் பலியானதை ஆலை மருத்துவர் ஜான் கிரீச் கவனித்தார். 1974 ஜனவரியில் செய்தி வெளியே வந்தது. இத்தாலியில் செசாரே மால்டோனி விலங்குகளில் அதே நோயைக் கண்டிருந்தார். அதுவரை ஆலைக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை அனுமதி இருந்தது. அதை 1 பங்காகக் குறைத்தார்கள். சாதாரணக் கல்லீரல் புற்றுநோயும் இதனால் வரும் என்பது பின்னால் உறுதியானது. கல்லீரல்தான் இதைச் செரிக்க முயல்கிறது. அந்த முயற்சியில் உண்டாகும் இடைப்பொருள் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் அடி அங்கே விழுகிறது.

அந்தத் தொழிலாளர்கள் சுவாசித்த அளவுக்கும் உங்கள் குவளைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கணக்கைச் சொல்கிறேன், உங்கள் பயத்துக்கு ஓர் அளவு கிடைக்கட்டும். அமெரிக்கக் கூட்டரசின் சட்ட வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 0.3. இருக்கவே கூடாது, பூஜ்யம்தான் இலக்கு என்று அமெரிக்காவும் ஏற்கிறது. உங்களுடையது சட்ட வரம்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டை வைத்துப் பெருக்கினால், 5.6 உள்ள தண்ணீரைப் பெரியவர்கள் 10,000 பேர் வாழ்நாள் முழுதும் தினம் 2 லிட்டர் குடித்தால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். பிறந்ததிலிருந்தே குடித்தால் அது இரண்டு, அல்லது சற்று அதிகம். இது வேண்டுமென்றே கூட்டி மதிப்பிட்ட எண். உண்மை இதைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மூச்சில் போனது இதில் சேரவில்லை. குழந்தைகளுக்கு இருமடங்கு வைத்ததற்கும் காரணம் உண்டு: பிறந்த சில வாரங்களில் இந்த வாயுவுக்கு ஆளான விலங்குக் குட்டிகளுக்கு வளர்ந்தவற்றைவிட அதிகம் கட்டி வந்தது. ஆகவே 'நாலு வருடம்தானே' என்று நான் அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். உங்கள் மகளுக்கு நோய் வரும் என்றும் இந்த எண்கள் சொல்லவில்லை. 10,000 குழந்தைகளில் 9,990-க்கும் மேற்பட்டவர்களுக்கு இதனால் ஒன்றும் நேராது. அவளுக்கு மேலும் ஒரு நாள்கூடச் சேர வேண்டாம், அதுதான் இப்போது நம் வேலை.

உடம்பில் இது தங்குவதில்லை. சில மணி நேரத்தில் உடைந்து, சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறிவிடும். அதனால் ரத்தத்தில் தேடுவதில் பயனில்லை. வினைல் குளோரைடு உடைந்து உண்டாகும் தையோடைகிளைகாலிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்ப்பதாகச் சில இடங்களில் சொல்வார்கள். வேறு பொருள்களாலும் அது உண்டாகும், பழையதை அது காட்டாது. மகளைக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போய், இரண்டு அறிக்கைகளின் நகலையும் அவளுடைய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மாமியாரின் மருத்துவருக்கும் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் வருவது வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளர்களிடம் மதுப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் காணப்பட்டது. நாலு மாதத்தில் இவ்வளவு குறைந்த அளவால் அவருக்கு அது வந்திருக்காது, ஊரிலிருந்தே கொண்டு வந்தது. ஏற்கனவே சுமை தாங்கும் கல்லீரலுக்கு இன்னொரு சுமை வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கணவர் மது அருந்துபவராக இருந்தால் நிறுத்த இது நல்ல நேரம். கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா என்று மாமியார் கேட்பார். இதற்கு அது மருந்தல்ல. கல்லீரலைச் 'சுத்தம் செய்யும்' மாத்திரைகளையும் வாங்காதீர்கள்.

ஆர்.ஓ. போதாது. சின்ன, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு என்பதால் சவ்வு இதைச் சரியாகத் தடுக்காது. குழாய் முனையில் மாட்டும் கரி வடிகட்டியை நம்பியும் ஏமாற வேண்டாம். டெட்ராவைக் கரி நன்றாகப் பிடிக்கும். வினைல் குளோரைடை மிகப் பலவீனமாகத்தான் பிடிக்கும். வடிகட்டி புதிதாகத் தெரியும்போதே வாயு அதைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். சமையலறையில் எதை மாட்டினாலும் ஷவர் அப்படியே இருக்கிறது என்பதும் உண்டு. வேலை செய்வது காற்றூட்டல். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே காற்றைச் செலுத்தி வாயுவைப் பிரித்து, கூரைக்கு மேலே வெளியேற்றும் அமைப்பு. அதற்குப் பின்னால் மீதியைப் பிடிக்கக் கரித் தொட்டிகள். போட்ட பிறகு, முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதித்துக் காட்டாமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட நல்லது தெருவுக்கே நகராட்சிக் குழாய் வருவது. அதற்கு உங்கள் ஒரு வீடு போதாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு உள்ளூர் சுகாதாரத் துறைக்குப் போங்கள். மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாகச் செய்த பரிசோதனை அவர்களுக்குத் தானாகப் போயிருக்கும் என்று எண்ண வேண்டாம். கிணறு கெட்ட வீடுகளுக்கு நியூ ஜெர்சியில் 'ஸ்பில்' (கசிவு) இழப்பீட்டு நிதி இருக்கிறது. பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கனவே ஒரு மாதம் போய்விட்டது.

சுகாதாரத் துறையிடம் இன்னொன்றும் கேளுங்கள். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் இருந்தால், நிலத்தடி நீரிலிருந்து எழும் வாயு தரை விரிசல் வழியாக உள்ளே வரலாம். உள்காற்றையும் தரைக்கடியில் உள்ள காற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். வாயு இருந்தால், மண்ணிலிருந்து எழும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு மாட்டுவார்களே, அதே போன்ற உறிஞ்சு விசிறி இதற்கும் உதவும். மகள் விளையாடுவது பேஸ்மென்டில் என்றால், முடிவு வரும்வரை பொம்மைகளை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டுமா என்பதை இந்தச் சோதனைகள் வந்த பிறகு யோசிக்கலாம். தண்ணீரும் காற்றும் சரியாக்கப்பட்டால் அந்த வீட்டில் தாராளமாக வாழலாம்.

அதிகாரிகள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இன்னொரு முறை தண்ணீர் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். சான்று பெற்ற சோதனைச்சாலை சின்னக் கண்ணாடிக் குப்பிகள் தரும். உள்ளே சில துளி அமிலம் இருக்கும், அதைக் கொட்டிவிடக் கூடாது. குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு நூலாகத் தண்ணீரைக் குறைத்து, குப்பி விளிம்புக்கு மேல் குவியும் வரை நிரப்பி மூடுங்கள். தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்தக் குப்பி வேண்டாம், வேறொன்றில் மறுபடி பிடியுங்கள். தேடும் வாயு அந்தக் குமிழிக்குள் போய் ஒளிந்துகொண்டால், இல்லாத நிம்மதியை அறிக்கை உங்களுக்குத் தந்துவிடும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நீங்களும் நானும் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.